ஆய்வுக்கூடமா, நிறுவனமா? பெங்களூருவில் மீக்கணினி வேலை

இயற்பியலோ கணிதமோ முடித்துப் பெங்களூருவுக்கு வரும் நம் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் வந்த 'பரம் பிரவேகா' என்ற மீக்கணினியின் (சூப்பர் கம்ப்யூட்டர்) திறன் 3.3 பெட்டாஃப்ளாப், அதாவது நொடிக்குச் சுமார் 3,300 லட்சம் கோடி கணக்குகள். பருவநிலை, மூலக்கூறு அசைவு போன்ற கணக்குகளுக்கு இத்தகைய இயந்திரங்கள்தான் வேண்டும். நிரலை வரிசையில் போட்டுவிட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். உதவித்தொகை குறைவு; திட்டம் முடிந்தால் பல இடங்களில் ஒப்பந்தமும் முடிந்துவிடும். ஆனால், பதினைந்தாவது தசம இடத்தில் விழும் சிறு பிழை லட்சக்கணக்கான படிகளில் பெருகி விடையையே கெடுப்பதை இங்கேதான் கண்ணால் பார்க்கலாம். அந்தப் படிப்பினைக்கு ஈடில்லை.

வெளிவட்டச் சாலை நிறுவனங்களில் சம்பளம் பன்மடங்கு. அங்கே ஜிபியுக்கள் (ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் சிப்புகள்) துல்லியம் குறைந்த 16 பிட், 8 பிட் எண்களிலேயே செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்கின்றன. புதிய சிப்புகளின் வடிவமைப்பும் அந்தப் பக்கமே சாய்கிறது. 64 பிட் துல்லியத்தை நம்பியிருக்கும் அறிவியலுக்கு இது உண்மையான கவலை.

வீட்டில் கடன் இருந்தால் தயங்காமல் நிறுவனத்துக்குப் போங்கள், அதில் குறை ஒன்றுமில்லை. இல்லையென்றால் முதலில் ஆய்வு என்பேன். பல கணினிகளைச் சேர்த்து இயக்கும் எம்பிஐ, ஜிபியுவுக்கு நிரல் எழுதும் கூடா (CUDA) இரண்டும் கைவந்தவரை நிறுவனங்கள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். பெரிய சம்பளத்துக்குப் பழகியபின் முனைவர் பட்டத்துக்குத் திரும்புவதுதான் கடினம்.