ஆடாசிட்டியில் பாட்டின் சுருதியை மாற்றுவது: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

கரோக்கி டிராக்கைக் குரலுக்கு ஏற்ற கட்டைக்கு (சுருதிக்கு) கொண்டுவர, ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளே போதும். எவ்வளவு தூரம் நகர்த்துகிறோம் என்பதுதான் முக்கியம். இரண்டு அரைச்சுரம் (கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து ஒட்டியுள்ள அடுத்த கட்டைக்கு, கறுப்பையும் சேர்த்து, உள்ள தூரம் ஓர் அரைச்சுரம்) வரை ஏற்றினாலும் இறக்கினாலும் பாட்டு இயல்பாகவே கேட்கும். மூன்றில் குரல் மாறத் தொடங்கும். நான்கைத் தாண்டினால், ஏற்றும்போது பொம்மைக் குரல், இறக்கும்போது தொண்டை கட்டிய குரல். சுரத்தோடு சேர்ந்து, தொண்டையும் வாயும் குரலுக்குத் தரும் சாயலும் நகர்ந்துவிடுவதால் வரும் கோளாறு இது. குரலில்லாத டிராக்கில் இந்தத் தொல்லை இல்லை.

முதலில் பாட்டின் ஷட்ஜத்தை, அதாவது ஆதார சுரமான 'ச'வை, கீபோர்டில் பிடியுங்கள். ஆடாசிட்டியில் சுருதி மாற்றும் 'சேஞ்ச் பிட்ச்' பெட்டி தானே ஊகித்துக் காட்டும் சுரத்தை நம்பாதீர்கள். அது பாட்டின் சுருதி ஆகாது. வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று, இரண்டு என்றும், நடுவிலுள்ள கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை என்றும் எண்ணும் கட்டைக் கணக்கிலும் ஒரு வழுக்கல் உண்டு. நாலரையிலிருந்து இரண்டுக்கு இறங்க ஐந்து அரைச்சுரம் என்று தோன்றும். உண்மையில் நான்குதான், மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது.

முழுப் பாட்டையும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் 'சேஞ்ச் பிட்ச்' திறந்து, செமிடோன் (அரைச்சுரம்) கட்டத்தில், மேலே சொன்ன இறக்கத்துக்கு -4 என்று இடுங்கள். பக்கத்திலிருக்கும் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' வேறு. அதில் காலப்பிரமாணமும் (பாட்டின் வேகமும்) மாறிவிடும். பழைய ஒலிநாடாப் பதிவுகள் இரண்டு சுரங்களுக்கு நடுவே நிற்பதுண்டு. அவற்றுக்கு -3.7 போலத் தசமத்தில் இடலாம்.

'சேஞ்ச் பிட்ச்' பெட்டியிலுள்ள 'ஹை குவாலிட்டி' கட்டத்தை டிக் செய்தால் நேரம் அதிகம் பிடிக்கும். நீண்ட சுரங்கள் வழவழப்பாக வரும், ஆனால் தாள அடிகளின் கூர்மை மழுங்கும். டிரம்ஸ் மிகுந்த பாட்டுக்கு அதை எடுத்துவிட்டும் கேட்டுப் பாருங்கள். டிரம்ஸைத் தனி டிராக்காகப் பிரித்து, அதைத் தொடாமல் மற்றவற்றை மட்டும் நகர்த்துவது இன்னும் நல்ல வழி. மிருதங்கத்துக்கும் தபலாவுக்கும் இது செல்லாது. அவை பாட்டின் சுருதிக்கே சேர்க்கப்பட்டவை, கூடவே நகர்ந்தாக வேண்டும்.

-4 போதவில்லை என்றால் அதன் மேலேயே இன்னொரு -1 போடாதீர்கள். அன்டூ செய்து, மூலத்திலிருந்து -5 போடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒலி கெடும். 3.5 பதிப்பு முதல் ஆல்ட் விசையோடு மேல், கீழ் அம்பை அழுத்தி மூலம் கெடாமலே மாற்றலாம். பாடிப் பார்த்துத் தேட அதுதான் வசதி.

சேமிக்குமுன், ஒலியின் உச்ச அளவைச் சரிசெய்யும் 'நார்மலைஸ்' எஃபெக்ட்டில் -1 டெசிபல் வையுங்கள். சுருதி மாறும்போது உச்சங்கள் உயர்ந்து, ஒலி கரகரப்பதுண்டு.