உப்புவெளியில் மாரி காலத்தில் வீடு மலிவாகக் கிடைக்கிறதா? கவனம்

திருகோணமலைக்கு இடமாற்றம் கிடைத்து குடும்பத்தோடு வருகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்க முதல் இதை ஒருக்கால் வாசியுங்கள்.

உவர்மலையில் கேட்கிற வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. டைக் வீதிப் பக்கம் கிடைத்தது எல்லாம் தனி வாசல் இல்லாத அனெக்ஸ். அந்த நேரத்தில்தான் ஒரு தரகர் உப்புவெளியில் மேல்மாடி வீடு ஒன்றைக் காட்டினார். நிலாவெளி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை. இரண்டு அறை, டைல்ஸ் போட்ட நிலம், வாடகை 25,000 ரூபா. ஆறு மாத அட்வான்ஸ், ஒரு வருட ஒப்பந்தம், தரகருக்கு ஒரு மாத வாடகை தனியாக. ஒக்டோபர் கடைசி, மழையும் தொடங்கிவிட்டது. சரி என்று வந்துவிட்டோம்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு வீட்டுக்காரர் மேலே வந்தார். "தம்பி, மகள் வெளிநாட்டில இருந்து வாறா. மாதம் முடியிறதுக்குள்ள வேற இடம் பாருங்கோ." ஒரு வருட ஒப்பந்தத்தை நினைவூட்டினால், "அது சும்மா ஒரு கடதாசிதானே தம்பி" என்று சிரிக்கிறார். பிள்ளைக்குத் தவணை நடுவில் எங்கே போவது என்பதெல்லாம் அவருக்குக் கவலையே இல்லை.

மகள் வந்தாரா தெரியாது. மே மாதம் அதே வீடு அறை வாடகைக்கு விடுகிற தளம் ஒன்றில் வந்துவிட்டது, ஒரு இரவுக்கு 12,000 ரூபா. படத்தில் தொங்குவது நாங்கள் வாங்கிப் போட்ட நீல யன்னல் சீலை! இரண்டு இரவுக்கு ஆள் வந்தால் எங்கள் ஒரு மாத வாடகை கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் சீசன். அப்புறம் வாடைக் காற்று, மழை, வெறும் அறைகள். அந்த மாதங்களில் வீட்டைப் பூட்டி வைக்காமல் கூட்டித் துடைத்துப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பம் வேண்டும், அதற்குத்தான் அந்த மலிவு.

இப்படியான வீட்டைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். எங்கள் அறைக் கதவுகளில் கண் மட்டத்தில் இரண்டு ஆணித் துளைகளும் அவற்றைச் சுற்றி வெளிறிய ஒரு சதுரமும் இருந்தன. இலக்கத் தகடு கழற்றிய இடம். ஒவ்வொரு அறையிலும் ஏசி குழாய்க்கு விட்ட ஓட்டையில் சீமெந்துப் பை கடதாசி அடைத்திருந்தது. குடும்பம் இருக்கிற வீட்டுக்கு எதற்கு அறைக்கு அறை குளியலறை?

இன்னொன்று கரண்ட் பில். மேலுக்கும் கீழுக்கும் ஒரே மீற்றர். அலகு கூடக் கூட ஒரு அலகின் விலையும் ஏறுகிற கணக்கு என்பதால், கீழே அவர்கள் ஓட்டுகிற ஏசியால் எங்கள் இரண்டு மின்விசிறிக்கும் உச்ச விலைதான். தனி மீற்றர் இல்லாத வீட்டை எவ்வளவு மலிவு என்றாலும் எடுக்காதீர்கள்.

ஒப்பந்தம் பற்றி அவர் சிரித்ததில் விஷயம் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டி இரண்டு பேரும் கையெழுத்து வைத்த தாள் ஒரு வருடக் குத்தகையாக நிற்காது. தரகர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நொத்தாரிசுச் செலவு வீண் என்று முதலில் சொல்வதும் அவர்கள்தான்.

அட்வான்ஸ் 150,000 ரூபாவில் பெயின்ட் அடிக்க என்று 30,000, கரண்ட் நிலுவை என்று 18,000 கழித்தார். மீதி தவணை முறையில் வருகிறதாம். பொலிஸில் இது சிவில் பிணக்கு என்றார்கள். இப்போது மத்தியஸ்த சபைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. இணக்கம் வராவிட்டால் அதற்கொரு சான்றிதழ் தருவார்கள், அதைக் கொண்டு நீதிமன்றம் போகலாம். வாடகையை வங்கியில் போட்ட சிட்டைகள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. கையில் கொடுத்த அட்வான்ஸுக்கும் பற்றுச்சீட்டு இருக்கிறது.

நாங்கள் இப்போது பாலையூற்றில், கடல் தெரியாத வீட்டில். உப்புவெளியில் வீடு பார்க்கிறவர்கள் எந்த ஒழுங்கை என்று கேட்டால் தனியாகச் சொல்கிறேன். அந்தத் தரகர் இப்போது அலஸ்தோட்டத்திலும் வீடு காட்டுகிறாராம்.