ஐ3-12100, ஜியான் இ5-2680 வி4: நான்கு கோருக்கும் பதினான்கு கோருக்கும் இடையில்

இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ3-12100 செயலி 2022 ஜனவரியில் 122 டாலர் விலையில் வெளிவந்த, வீட்டுக் கணினிக்கான சிக்கனச் செயலி. அதே நிறுவனத்தின் ஜியான் இ5-2680 வி4, 2016 மார்ச் இறுதியில் 1,745 டாலர் விலையில் சர்வர்களுக்காக வெளிவந்தது. தரவு மையங்கள் பழைய சர்வர்களைக் கழித்துக்கட்டத் தொடங்கியதும் இந்த ஜியான் பயன்படுத்திய சரக்காகச் சந்தையில் குவிந்து, சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கும் நிலைக்கு வந்துவிட்டது. கோர் என்பது செயலிக்குள் தனித்து வேலை செய்யும் பகுதி; திரெட் என்பது அதில் ஓடும் ஒரு வேலை வரிசை. ஐ3-இல் 4 கோர், 8 திரெட். ஜியானில் 14 கோர், 28 திரெட். விலை குறைவு, கோர் மூன்றரை மடங்கு என்ற இந்தக் கணக்கில் மயங்காதவர்கள் குறைவு. இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் பொருத்தி, ஒரே டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, நெடுநாள்களாக ஒரே வகையான வேலைகளுக்குப் பயன்படுத்தி வருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

என் வேலைகளில் பெரும்பங்கு, ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூல்களின் பக்கங்களை டெசராக்ட் மென்பொருளின் துணையோடு எழுத்துகளாக மாற்றுவது. அதற்கடுத்து உரைகளின் வீடியோப் பதிவுகளைச் சுருக்குவது, அவ்வப்போது மூலநிரல்களைக் கம்பைல் செய்வது (இயங்கக்கூடிய மென்பொருளாக மாற்றுவது), இவற்றுக்கிடையே எல்லோரும் செய்யும் பிரவுசர், எழுத்துக்கோப்பு, விரிதாள் வேலைகள். விளையாட்டில் எனக்கு ஈடுபாடு இல்லை. அதற்காகவே கணினி வாங்குபவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை; ஐ3-ஐயே வாங்கலாம்.

முதலில் ஒற்றைக் கோரின் வேகம். துடிப்பு வேகத்தில் ஐ3 அதிகபட்சம் 4.3 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 430 கோடி துடிப்பு) வரை ஓடும், ஜியான் 3.3 வரை. இந்த எண்களை மட்டும் பார்த்தால் வித்தியாசம் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும் என்று தோன்றும். ஆனால் ஜியானின் பிராட்வெல் வடிவமைப்புக்கும் 2021 இறுதியில் வந்த, ஐ3-இன் ஆல்டர் லேக் வடிவமைப்புக்கும் நடுவில், ஒரே துடிப்பில் முடிக்கப்படும் வேலையின் அளவும் கணிசமாக வளர்ந்திருக்கிறது. இரண்டும் சேரும்போது ஜியானின் ஒரு கோர் ஐ3-இன் ஒரு கோரில் ஏறத்தாழப் பாதி வேகத்தில்தான் வேலை செய்கிறது. கனமான இணையப் பக்கத்தைத் திறக்கும்போதும், பெரிய பிடிஎஃப் கோப்பை உருட்டும்போதும், சூத்திரங்கள் நிறைந்த விரிதாளில் ஓர் எண்ணை மாற்றும்போதும் இது உடனே கைக்குத் தெரியும். ஜியான் தடுமாறுகிறது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சொடுக்குக்கும் விடை வருவதற்கு முன் ஒரு சிறு இடைவெளி இருக்கிறது. ஐ3-இல் வேலை செய்து பழகியவருக்கு அது எரிச்சலூட்டும். அந்த நேரத்தில் கணினியின் நிலையைத் திறந்து பார்த்தால் 28 திரெட்களில் ஒன்று முழுவதுமாக உழைத்துக்கொண்டிருக்கும், மீதி 27-உம் சும்மா இருக்கும்.

சர்வர் செயலிகளின் துடிப்பு ஏன் குறைவாக வைக்கப்படுகிறது என்பதற்குக் காரணம் மின்சாரம்தான். ஐ3-இன் அடிப்படை மின்வரம்பு 60 வாட். அதை 4 கோர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 15 வாட் கிடைக்கிறது. ஜியானின் வரம்பு 120 வாட்; 14 கோர்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 9 வாட்கூடக் கிடைப்பதில்லை. புதிய சர்வர் செயலிகளும் இந்த விதிக்கு விலக்கு அல்ல. ஏஎம்டியின் எபிக் 9654-இல் 96 கோர்கள் இருக்கின்றன. 360 வாட்டை அவற்றுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 4 வாட்டுக்கும் குறைவு, அடிப்படைத் துடிப்பு 2.4 கிகாஹெர்ட்ஸ். துடிப்பைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் கூடினால் செலவாகும் மின்சாரம் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆகவே வாட்டுக்கு அதிக வேலை வாங்க நினைக்கும் தரவு மையம், பல கோர்களை நிதானமாக ஓட்டுவதையே விரும்புகிறது. அங்கே ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோரின் கோரிக்கைகள் வரிசையில் நிற்கின்றன. என் மேசையில் திரைமுன் இருப்பது ஒரே ஓர் ஆள்.

வரிசையில் நிற்கும் வேலை என்னிடமும் உண்டு என்பதால்தான் ஜியான் இன்னும் என்னிடம் இருக்கிறது. முந்நூறு பக்க நூல் ஒன்றை டெசராக்டிடம் கொடுத்தால் ஒவ்வொரு பக்கமும் தனி வேலை. ஒரு பக்கம் முடிவதற்காக இன்னொரு பக்கம் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று இருக்கிறது. டெசராக்ட் இயல்பாகவே ஒரு பக்கத்துக்கு நான்கு திரெட் வரை எடுத்துக்கொள்ளும். பதினான்கு பக்கங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டால் ஐம்பதுக்கும் மேற்பட்ட திரெட்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளி, வேகம் கூடுவதற்குப் பதில் குறையும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு திரெட் மட்டும் என்று கட்டுப்படுத்திவிட்டு, கோருக்கு ஒன்றாகப் பக்கங்களை அனுப்பினால்தான் ஜியானின் பலம் வெளிப்படும். அப்படி அனுப்பும்போது, ஐ3 ஒரு நூலுக்கு எடுக்கும் நேரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கிலேயே ஜியான் முடித்துவிடுகிறது. ஒற்றைப் பக்கத்தை மட்டும் கொடுத்தால் நிலைமை தலைகீழ்: ஐ3 பாதி நேரத்தில் முடிக்கும்.

மூன்றரை மடங்கு கோர் இருந்தும் லாபம் ஒன்றரை மடங்கோடு நின்றுவிடுவதைப் புரிந்துகொள்ள, பிரிக்க முடியாத பகுதிதான் வேகத்துக்கு வரம்பு என்று கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967-இல் முன்வைத்த வாதத்தை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது. ஐ3-இன் ஒரு கோர் 100 நிமிடங்களில் முடிக்கும் வேலை ஒன்று இருப்பதாகவும், அதில் 20 நிமிட வேலையைப் பிரிக்கவே முடியாது, மீதி 80 நிமிட வேலையை எத்தனை கோருக்கும் பிரித்துக் கொடுக்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். நான்கு கோர்களும் சேர்ந்தால் ஐ3-க்கு 20-உம் 20-உம் சேர்த்து 40 நிமிடம். பாதி வேகமுள்ள ஜியானுக்குப் பிரிக்க முடியாத பகுதிக்கே 40 நிமிடம் ஆகிவிடும். மீதி 160 நிமிட வேலையை 14 கோர்கள் பங்கிட்டுக்கொண்டால் 11 நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஆக மொத்தம் 51 நிமிடம். பதினான்கு கோர்கள் நான்கு கோர்களிடம் தோற்றுவிட்டன. பிரிக்க முடியாத பகுதி எவ்வளவு இருந்தால் இரண்டும் சமமாகும் என்று கணக்கிட்டால், ஏறத்தாழ 10 விழுக்காடு வருகிறது. அதற்கு மேல் போனால் ஐ3-க்கு வெற்றி, கீழே இறங்கினால் ஜியானுக்கு. பிரிக்க முடியாத பகுதி அறவே இல்லாத வேலையிலும் கணக்குப்படி ஜியானுக்குக் கிடைக்க வேண்டியது 1.75 மடங்குதான். எல்லாக் கோர்களும் ஒன்றாக உழைக்கும்போது அதன் துடிப்பு 3.3-இலிருந்து 2.9 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுவதால் அதுவும் முழுமையாகக் கிடைப்பதில்லை.

கம்பைல் செய்யும்போது இந்தக் கணக்கைக் கண்ணாலேயே பார்க்கலாம். தொடக்கத்தில் இயந்திரத்தில் என்னென்ன நூலகங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் கட்டத்தை ஐ3 விரைவாகத் தாண்டிவிடும். ஜியான் அங்கே ஊர்ந்துகொண்டிருக்கும். நூற்றுக்கணக்கான கோப்புகளைக் கம்பைல் செய்யும் கட்டம் வந்ததும் ஜியான் பாய்ந்து முன்னேறும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக இணைக்கும்போது மறுபடியும் ஒரு கோர்தான் உழைக்கும். சிறிய நிரல்களில் ஐ3 முந்துகிறது, லினக்ஸ் கெர்னல் போன்ற பெரியவற்றில் ஜியான் முந்துகிறது.

வீடியோவில் வேறொரு திருப்பம். எக்ஸ்265 என்ற வீடியோச் சுருக்க நிரலைக் கொண்டு மென்பொருள் வழியாகவே சுருக்கினால் ஜியானுக்கு முன்னிலை உண்டு. ஆனால் ஐ3-க்குள் இருக்கும் யுஎச்டி 730 கிராஃபிக்ஸில் குவிக் சிங்க் என்ற தனி வன்பொருள் இருக்கிறது; அதைப் பயன்படுத்தினால் செயலியின் கோர்களுக்கு வேலையே இல்லாமல், இரண்டு செயலிகளின் மென்பொருள் வேகத்தையும் பலமடங்கு மிஞ்சிச் சுருக்கிவிடுகிறது. அதே கோப்பளவுக்குத் தரம் சற்றுக் குறையும் என்பது உண்மை. உரைப் பதிவுகளுக்கு அந்தக் குறை எனக்குப் பொருட்டாகத் தெரியவில்லை; ஆவணக் காப்புக்காகச் சேமிப்பவற்றை மட்டும் ஜியானிடம் இரவில் விட்டுவிடுகிறேன். ஜியானில் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. திரையில் எதையாவது பார்ப்பதற்கே தனிக் கார்டு ஒன்றைச் செருக வேண்டும் என்பதை வாங்குபவர்கள் விலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நினைவகத்தில் ஜியானுக்குத் தெளிவான மேன்மை இருக்கிறது. நான்கு சேனல்களில் (செயலிக்கும் நினைவகத்துக்கும் இடையிலான பாதைகளில்) டிடிஆர்4-2400 வகை ரேம் என்றால் நொடிக்கு 76.8 ஜிபி, ஐ3-இன் இரண்டு சேனல்களில் டிடிஆர்4-3200 என்றால் 51.2 ஜிபி. அதைவிட முக்கியமானது, சர்வர்களிலிருந்து கழித்த ரெஜிஸ்டர்டு இசிசி ரேம் (பிழைகளைத் தானே திருத்தும் சர்வர் வகை), வீட்டுக் கணினிக்கான ரேமைவிட மலிவாகக் கிடைப்பதும் சாதாரண மதர்போர்டுகளில் அது வேலையே செய்யாததும். 64 ஜிபி ரேம் போட்டு நான்கைந்து மெய்நிகர் இயந்திரங்களை (ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் தனிக் கணினிகளை) ஒன்றாக ஓடவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கோர்களைத் தனியாக ஒதுக்கும் வசதிக்கு ஐ3-இல் ஈடில்லை. பிசிஐஇ இணைப்புத் தடங்களும் ஜியானில் 40, பழைய 3.0 தலைமுறை என்றாலும், பல எஸ்எஸ்டிகளையும் நெட்வொர்க் கார்டையும் ஒரே பலகையில் பொருத்த நினைப்பவருக்கு அது பெரிய விஷயம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஐ3-இல் புத்தகம் ஒன்றை டெசராக்டில் ஓடவிட்டால் நான்கு கோர்களும் நிரம்பிவிடுவதால், அதே கணினியில் தட்டச்சு செய்வதுகூடக் கனமாகிவிடும். ஜியானில் இரண்டு கோர்களை எனக்கென்று ஒதுக்கிவிட்டு மீதி பன்னிரண்டை வேலைக்கு விட்டால் இரண்டும் இடையூறின்றி நடக்கின்றன.

மின்சாரத்தில்தான் என் கருத்து ஜியானுக்கு எதிராக உறுதிப்பட்டது. சுவர் பிளக்கில் வாட் மீட்டரை மாட்டிப் பார்த்தால், ஐ3 பெட்டி சும்மா இருக்கும்போது 25 வாட் அளவிலும் முழு உழைப்பில் 95 வாட் அளவிலும் எடுக்கிறது. ஜியான் பெட்டி சும்மா இருக்கும்போதே 70 வாட் அளவில் இழுக்கிறது. முழு உழைப்பில் 190 வாட்டை ஒட்டிப் போகிறது. அதாவது இரு மடங்கு மின்சாரத்தில் ஒன்றரை மடங்கு வேலை. ஒரு நூலுக்கு ஆகும் யூனிட் கணக்கில் வேகமான ஜியானுக்கே செலவு மூன்றில் ஒரு பங்கு அதிகம். அதைவிடச் சும்மா ஓடும் நேரத்துச் செலவுதான் பெரிது. நாள் முழுவதும் இயக்கத்தில் வைத்திருந்தால் 45 வாட் வித்தியாசம் இரண்டு மாதத்தில் சுமார் 65 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டுமல்லாமல் கீழ்ப்படிகளில் உள்ள யூனிட்டுகளுக்கும் கட்டணம் உயர்கிறது. கோடையில் ஏசி ஓடும் வீடுகளில் இந்த 65 யூனிட் எந்தப் பக்கம் தள்ளும் என்பதை ஒவ்வொருவரும் தங்கள் பழைய பில்லை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். சாதாரண 600 விஏ யுபிஎஸ் ஐ3-ஐ நிதானமாகத் தாங்குகிறது. ஜியான் முழு உழைப்பில் இருக்கும்போது மின்தடை வந்தால் கோப்பைச் சேமித்து அணைப்பதற்கான நேரம் மட்டுமே கிடைக்கிறது. மே மாத மதியத்தில் ஜியானை முழு உழைப்பில் விட்டால் அந்தச் சூட்டை அறையும் வாங்கிக்கொள்ளும். அதனால் அதற்கு இரவு வேலைதான்.

செயலிகளைப் பொறுத்தவரை இரண்டுமே இதுவரை ஒரு குறையும் வைக்கவில்லை. தொல்லை எல்லாம் ஜியானுக்கு வாங்கிய மதர்போர்டில்தான். எக்ஸ்99 என்ற பெயரில் மலிவாக வரும் பலகைகள் பலவற்றில் பழைய பலகைகளிலிருந்து கழற்றிய சிப்செட்டுகளே மறுபடி பொருத்தப்பட்டிருக்கும். என்னுடையதில் உறக்க நிலைக்குப் போன கணினி சரியாக மீள்வதில்லை, விசிறி வேகத்தை ஒழுங்காகக் கட்டுப்படுத்த முடிவதில்லை, பொத்தானை அழுத்தியபின் திரையில் எழுத்து வருவதற்கே ஐ3 முழுவதுமாகத் தயாராகும் நேரம் ஆகிறது. பயாஸ் (பலகையின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு என்று ஒன்று வரவே இல்லை. 2018 ஜனவரியில் வெளியான மெல்ட்டவுன் பாதுகாப்புக் குறைக்கு ஜியான் மென்பொருள் வழியாகத்தான் தடுப்புப் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்கு வேகத்தில் சிறு விலையும் கொடுக்க வேண்டும். ஐ3-இல் வன்பொருளிலேயே அது சரிசெய்யப்பட்டிருக்கிறது. விண்டோஸ் 11-ஐ இந்த ஜியான் அதிகாரபூர்வமாக ஆதரிக்காது, விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. எனவே லினக்ஸ் பழக்கம் இல்லாதவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இப்போது ஐ3 பகல் முழுவதும் என் வேலைக் கணினியாகவும், ஜியான் நூல்கள் சேர்ந்தபின் மட்டும் இயக்கப்பட்டு வேலை முடிந்ததும் தானே அணைந்துவிடும் பெட்டியாகவும் இருக்கின்றன. ஒன்றுதான் வாங்க முடியும் என்ற நிலையில் என் தேர்வு ஐ3. மெய்நிகர் இயந்திரங்களுக்காக நிறைய ரேம் தேவைப்படுபவர் மட்டும் வேறு முடிவுக்கு வரலாம். அப்படி ஜியான் பக்கம் போகிறவர்கள் செயலியின் விலையைப் பார்த்து முடிவெடுக்காமல், பலகை, ரேம், குளிர்விப்பான், கிராஃபிக்ஸ் கார்டு, நல்ல எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். பயன்படுத்திய பலகை என்றால் பணம் கொடுப்பதற்கு முன் சாக்கெட்டின் ஊசிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, நான்கு சேனல்களிலும் ரேம் போட்டு மொத்த அளவும் திரையில் தெரிகிறதா என்று கடையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.