நாலு சீட், மூண்டு வழி: திருகோணமலையில தமிழ் வோட்டு எப்பிடிப் போகணும்?

திருகோணமலையில பாராளுமன்றத் தேர்தல் எண்டு வந்தா எங்கட வீடுகளில யார் வெல்லுவாங்க எண்டு கேக்கிறத விட எங்களுக்கு ஒரு ஆளாவது மிஞ்சுமா எண்டுதான் கேப்பாங்க. மாவட்டத்துக்கு மொத்தமே நாலு சீட், அதில ஒண்டு முதலாவதா வாற கட்சிக்குப் போனஸாப் போயிரும், மிச்சம் மூண்டுக்குத்தான் மூதூர், சேருவில, திருமலை எண்டு மூண்டு தொகுதியிலயும் இருக்கிற எல்லாச் சனத்தின்ட வோட்டும் அடிபடுது. இதில தமிழ் ஆக்களுக்கு மூண்டு வழி இருக்கு: தமிழ்க் கட்சியள் ஒரே பட்டியலில கேக்கிறது, தனித்தனியா கேக்கிறது, அதுவும் இல்லாட்டி தேசியக் கட்சிக்குப் போடுறது.

தனித்தனியா கேட்டா சனத்துக்குத் தெரிவு கூட, பழைய ஆக்களப் பிடிக்காட்டி வேற தமிழ் ஆளுக்குப் போடலாம், அது நியாயமான விருப்பம்தான். ஆனா 2000ஆம் ஆண்டு என்ன நடந்தது? தமிழர் விடுதலைக் கூட்டணி திருகோணமலையில ஒரு சீட்டும் எடுக்கல்ல, அந்தக் கட்சியின்ட பெரிய ஆள் சம்பந்தன் ஐயாவே தோத்தார். அடுத்த வருசம் நாலு தமிழ்க் கட்சி சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உண்டாகி, 2001 டிசம்பரில அதே சம்பந்தன் ஐயா திரும்ப உள்ளுக்குப் போனார். 2004இல கூட்டமைப்பு தமிழரசுக் கட்சியின்ட வீட்டுச் சின்னத்தில 68,955 வோட்டு எடுத்து மாவட்டத்திலயே முதலாவதா வந்தது, போனஸும் சேர்ந்து ரெண்டு சீட். அதுக்குப் பிறகு 2010, 2015, 2020, 2024 எண்டு ஒவ்வொரு முறையும் ஒண்டே ஒண்டுதான்.

2024 கணக்கத்தான் நான் எல்லாருக்கும் சொல்லித் திரியிறன். நவம்பர் 15 விடியக்காலையில மாமா கலண்டர் தாளக் கிழிச்சுப் பின்பக்கத்தில எழுதத் தொடங்கினார், தேத்தண்ணி ஆறிப் போச்சு, மனுசன் தலை நிமிரல்ல. தேசிய மக்கள் சக்தி 87,031, ஐக்கிய மக்கள் சக்தி 53,058, தமிழரசு 34,168, மற்றதெல்லாம் அஞ்சு வீதத்துக்குக் கீழ எண்டு வெட்டுப்பட்டுப் போச்சு. இந்த மூண்டையும் கூட்டி மூண்டால பிரிச்சா ஒரு சீட்டுக்கு 58,086 வோட்டு வேணும். தேசிய மக்கள் சக்தியின்ட திசைகாட்டிச் சின்னத்துக்குப் போனஸ் ஒண்டு, முழுசா ஒண்டு, அதுக்குப் பிறகும் 28,945 மிச்சம் இருக்கு. மற்ற ரெண்டு கட்சிக்கும் முழுசா ஒரு சீட்டுக்குக் காணாது, அதால மிச்ச வோட்டு கூடின ஆக்களுக்குத்தான் கடைசி ரெண்டும் போகும்.

"டேய் தம்பி, இஞ்ச பார், இந்த 28,945க்கும் எங்கட 34,168க்கும் நடுவில எவ்வளவு?" எண்டார்.

"அஞ்சாயிரத்துச் சொச்சம் மாமா."

"அவ்வளவும் கூடத் தேவையில்ல."

உண்மைதான். வீட்டுக்கு விழுந்த வோட்டில ஒரு நாலாயிரம் பிரிஞ்சு அஞ்சு வீதம் எடுக்க ஏலாத வேற சின்னத்துக்குப் போயிருந்தா, வெட்டுப்படுற வோட்டுக் கூடி அந்த 58,086உம் இறங்கும், திசைகாட்டியின்ட மிச்சம் ஏறும், மூண்டாவது சீட்டும் அவங்களுக்கு, தமிழரசுக்குப் பூச்சியம். அந்த முறை இந்த மாவட்டத்தில தமிழரசும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் வீட்டுச் சின்னத்தில ஒண்டாக் கேட்டபடியாத்தான் தமிழரசு ஆள் குகதாசன் ஐயா உள்ளுக்குப் போனார் எண்டு நான் நம்புறன். யாழ்ப்பாணத்தில ஆறு சீட், அங்க பிரிஞ்சு நிண்டு ஒண்டு ரெண்டப் பிடிக்கலாம், நாலு சீட் மாவட்டத்தில அந்த விளையாட்டு விளையாட ஏலாது.

தேசியக் கட்சிக்குப் போடுறத நான் துரோகம் எண்டு சொல்லமாட்டன், அப்பிடிச் சொல்லுற ஆக்களோட எனக்குக் கோவம். வேலையில்லாத பெடியனுக்கும், சுருக்குவலைப் பிரச்சினைய யாரும் கேக்கிறாங்க இல்ல எண்டு அலையிற மீன்பிடிக்காரனுக்கும் அரசாங்கப் பக்கம் ஒரு ஆள் வேணும். திசைகாட்டியில கேட்ட அருண் ஹேமச்சந்திர வெண்டதும் பிரதி வெளிவிவகார அமைச்சரானார், எதிர்க்கட்சியில இருக்கிற தமிழ் எம்பிக்கு அந்தக் கதிரை வராது. ஆனா தென்னமரவாடி, திரியாய், குச்சவெளிப் பக்கம் சனத்தின்ட காணியில தொல்லியல் இடம் எண்டு கல்லு நடுறாங்க எண்டா, கன்னியா வெந்நீரூற்றில பிரச்சினை எண்டா, அரசாங்கத்துக்கு எதிராக் கையத் தூக்கவும் ஒரு ஆள் வேணுமே. ஆளுங்கட்சி ஆள் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் கட்சி சொல்லுற பக்கம்தான் வோட்டுப் போடணும்.

அதால என்ட தெரிவு ஒரே பட்டியல்தான். ஆனா சேர்ந்தாப் போதும், சனம் தானா வரும் எண்டு தலைவர்மார் நினைக்கிறதுதான் வயித்தெரிச்சல். 2020இல தமிழரசு எடுத்தது 39,570, 2024இல சேர்ந்து கேட்டும் 34,168, அஞ்சாயிரத்துக்கு மேல குறைஞ்சு போச்சு. 2004ஓட பார்த்தா பாதி கூட இல்ல. அது வேற காலம் எண்டாலும் அந்தச் சனம் எங்க போச்சுது எண்டு வீடு வீடாப் போய்க் கேட்டவங்க யார்? சம்பந்தன் ஐயா இருக்கும்வரை அவர்ட முகத்துக்கே ஒரு வோட்டு விழுந்தது, 2024 ஜூன் 30 அவர் போனதோட அதுவும் போச்சு.

சேர்ந்த பட்டியலுக்குள்ள இன்னொரு நோவும் இருக்கு. ஏழு பேர் நிப்பாங்க, வெல்லப் போறது ஒருத்தர், அதால பட்டியலுக்குள்ள ஆளப் பார்த்துப் போடுற விருப்பு வாக்குக்கு ஏழு பேரும் தங்களுக்குள்ளயே பிடுங்குப்படுவாங்க. போன முறை எங்கட அம்மாட கையில மூண்டு பிரசாரத் துண்டு, மூண்டும் வீட்டுச் சின்னம், மூண்டிலயும் வேற வேற இலக்கம், ஒவ்வொருத்தரும் தன்ட இலக்கத்துக்கு மட்டும் புள்ளடி போடச் சொல்லிட்டுப் போயிருக்கிறாங்க. மூண்டு பேருக்குப் போடலாம் எண்டதயே அம்மாக்கு நான்தான் சொன்னன்.

அடுத்த முறைக்கு இப்பவே அந்த ஏழு பேரையும் பேசி எடுங்க, நியமனப் பத்திரம் குடுக்கிற கடைசிக் கிழமையில கொழும்பில இருந்து முடிவு பண்ணாதீங்க. சம்பூர்ப் பக்கம் ஒரு ஆள், தம்பலகாமத்தில ஒரு ஆள், குச்சவெளிப் பக்கம் ஒரு ஆள், ரெண்டு பொம்பிளையள் கட்டாயம், அதுவும் பேருக்குப் போடுற ஆக்கள் இல்லாம மாதர் சங்கத்தில உண்மையா வேலை செய்யிற ஆக்கள். அந்தத் துண்டிலயும் ஒருத்தர்ட இலக்கம் மட்டும் வேணாம், மூண்டு இலக்கமும் சேர்த்தே அடிங்க.