லுவாரா, தோர்தோனா? கோட்டை பார்க்கச் சைக்கிளை எந்த ஆற்றங்கரையில் இறக்குவது

பிரான்சில் பழைய கோட்டைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் சைக்கிளில் சுற்றலாம் என்று கிளம்புகிறவர்கள் பலரும் கடைசியில் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் வந்து நிற்பார்கள். ஒன்று நாட்டின் நடுவில் மேற்கு நோக்கி ஓடும் லுவார். இன்னொன்று தென்மேற்கில் இருக்கும் தோர்தோன். லுவாரில் இரண்டு தடவை, தோர்தோனில் ஒரு தடவை ஓட்டியிருக்கிறேன், எல்லாம் கேரியரில் பதினைந்து கிலோ மூட்டையோடு, மோட்டார் இல்லாத சாதாரண சைக்கிளில். அந்தத் தகுதியில்தான் இதை எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்கள் எல்லாவற்றையும் 'ஷத்தோ' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை, தமிழில் அரண்மனை வேறு, கோட்டை வேறு. லுவார் பக்கம் பேர்பெற்றவை பெரும்பாலும் அரண்மனைகள். தோர்தோனில் இருப்பவை அசல் கோட்டைகள். அரண்மனை கட்டுகிறவன் வேட்டைக்குக் காடும் தோட்டத்துக்குத் தண்ணீரும் உள்ள சமவெளியைத் தேடுவான். கோட்டை கட்டுகிறவன் எதிரி மூச்சு வாங்க ஏறி வரவேண்டிய பாறையைத் தேடுவான். எழுநூறு எண்ணூறு வருஷம் கழித்து அந்த மூச்சை வாங்கப் போவது நீங்கள்தான்.

முதலில் லுவார். நெவேர் ஊருக்குப் பக்கத்திலிருந்து அட்லாண்டிக் கடல் வரை ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள், அம்புக்குறிப் பலகைகள் எல்லாச் சந்திப்பிலும் உண்டு, வரைபடத்தை எடுக்காமலே பாதி நாள் ஓட்டலாம். வெள்ளத்துக்குப் பயந்து பல நூற்றாண்டுகளாக எழுப்பிய கரைகளின் மேல் பல இடங்களில் பாதை போகிறது, ஒரு பக்கம் மணல்திட்டுகளோடு அகலமாக ஆறு, மறுபக்கம் வயலும் சாம்பல் நிற ஓட்டு வீடுகளும். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அதுவே மூன்றாவது நாள் கொஞ்சம் அலுக்கும், பொய் சொல்லக் கூடாது. மேடு இல்லாத ஊரில் காற்றுதான் மேடு: இங்கே பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும். முதல் தடவை இது தெரியாமல் ப்ளுவாவிலிருந்து சோமூருக்கு மேற்கு நோக்கிப் போய், சமதரையில் மூன்றாவது கியரில் மிதித்தேன். அடுத்த தடவை கடல் பக்கத்திலிருந்து ஏறி வந்தேன், காற்று சும்மா தள்ளிக்கொண்டு போனது.

இன்னொன்று, போகும் வரை யாரும் சொல்லவில்லை. 'லுவார் அரண்மனைகள்' என்று பேர்பெற்ற பலதும் லுவார் கரையில் இல்லை. ஷெனோன்ஸோ நிற்பது ஷேர் ஆற்றின் மேல், அஸே-லெ-ரிதோ ஆந்த்ர் ஆற்றின் நடுவில், ஷினோன் வியென் ஆற்றங்கரையில். ஷாம்போர் காட்டுக்குள். ஆக, பாதையை மட்டும் பிடித்துப் போனால் அம்புவாஸ், ஷோமோன், சோமூர் மாதிரி சிலதான் வழியில் வரும், மற்றதற்கெல்லாம் கிளைச் சாலையில் இறங்க வேண்டும். இறங்குங்கள், அந்தக் கிளைச் சாலைகள்தான் நன்றாக இருக்கின்றன.

ஷாம்போருக்கு ப்ளுவாவிலிருந்து காடு வழியாகப் போனால் முதலில் வருவது ஒரு மதில். அந்தக் காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்து மரங்களுக்கு நடுவே நாலைந்து கிலோமீட்டர் மிதித்த பிறகு திடீரென்று கூரை தெரியும், புகைபோக்கியும் கோபுரமுமாக ஒரு குட்டி ஊரையே மொட்டைமாடியில் தூக்கி வைத்த மாதிரி. 1519இல் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா ஆரம்பித்து வைத்தது. நானூறுக்கும் மேல் அறைகள், ஆனால் அவர் தன் ஆட்சிக்காலம் முழுவதும் சேர்த்தே அங்கே சில வாரங்கள்தான் தங்கினார். நடுவில் ஒன்றை ஒன்று சுற்றிக்கொண்டு ஏறும் இரட்டைப் படிக்கட்டு. ஒருவர் ஏற இன்னொருவர் இறங்க, இடையில் உள்ள திறப்பில் முகத்தைப் பார்க்கலாம், ஆனால் எதிரெதிரே மோதிக்கொள்ள மாட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமொன்று அதில் ஓடிப் பிடித்து விளையாடியதைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் நின்றேன்.

ஷெனோன்ஸோ எனக்கு அதைவிடப் பிடிக்கும். ஆற்றின் குறுக்கே பாலம் மாதிரி நிற்கும் நீள மண்டபம். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரர்கள் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் இந்த ஷேர் ஆறுதான் எல்லைக்கோடு. முன்வாசல் ஒரு பக்கம், மண்டபத்தின் தெற்குக் கதவு மறுபக்கம். அந்தக் கதவு வழியாக ஆட்கள் தப்பிப் போயிருக்கிறார்கள். ராணிகளின் கட்டிலையும் திரைச்சீலையையும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன கண்ணுக்கு அந்தக் கதவு ஒன்று போதும்.

சரி, தோர்தோன். பேனாக் கோட்டை ஆற்றுக்கு நேர்மேலே ஏறக்குறைய 150 மீட்டர் உயரப் பாறையில் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச தூரத்தில், அக்கரைக் குன்றின் மேல் காஸ்தெல்னோ. நூறாண்டுப் போரில் இந்த ஆறு எல்லையாக இருந்தது, பேனாக் பிரெஞ்சு அரசர் பக்கம், காஸ்தெல்னோ பல காலம் ஆங்கிலேயர் பக்கம். ஒரு கோட்டையின் மதிலில் நின்றால் இன்னொன்றின் மதில் தெரிகிறது, காலையில் எழுந்ததும் எதிரியின் அடுப்புப் புகை கண்ணில் படும் தூரம். காஸ்தெல்னோவில் இப்போது போர்க்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது, கல்லெறியும் பெரிய பொறிகளை நிஜ அளவில் செய்து வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். லுவாரில் கிடைக்காத விஷயம் இது. அங்கே அரசன் எப்படி வாழ்ந்தான் என்று காட்டுவார்கள், இங்கே அடுத்தவன் எப்படி உள்ளே வரப் பார்த்தான் என்று காட்டுவார்கள்.

சண்டை இன்னும் முடிந்தபாடில்லை, இப்போது சாலைக்காக. பேனாக் ஊருக்குள் நெரிசல் என்று புறவழிச்சாலை போட ஆரம்பித்து, 2018 டிசம்பரில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. நான் போனபோது மேலே பாலம் இல்லாத தூண்கள் ஆற்றில் நின்றுகொண்டிருந்தன. நெரிசல் என்னவோ நிஜம்தான். ஜூலை, ஆகஸ்டில் பேனாக்குக்கும் லா ரோக் கஜாக்குக்கும் இடையே உள்ள சாலையில் வீட்டையே இழுத்துக்கொண்டு வரும் வண்டிகள் வரிசை கட்டும், சைக்கிள்காரனுக்கு ஒதுங்க இடமில்லை, ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் ஆறு. செப்டம்பரில் போனால் நிம்மதி. வண்டி தொந்தரவில்லாத பாதையும் உண்டு, பக்கத்து ஊரான சார்லாவிலிருந்து பழைய ரயில் தடத்தில் இருபது கிலோமீட்டர் சொச்சம், மரநிழலில். ஆனால் அதோடு சரி, லுவார் மாதிரி தொடர்ச்சியாகக் கிடைக்காது.

கோட்டை வேண்டாம், மனுஷக் கதை வேண்டும் என்றால் பக்கத்திலேயே மிலாந்த். மேடையில் ஆடிப் புகழ்பெற்ற ஜோசஃபின் பேக்கர் 1947இல் வாங்கிய மாளிகை. உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் தத்தெடுத்த 12 பிள்ளைகளோடு இருந்தார், கடனில் மூழ்கி 1969இல் வெளியேற்றப்பட்டார். அவருடைய ஆட்டச் சட்டைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால் வடக்கே மோந்தினியாக் வரை மிதித்து, ஆதிமனிதர் வரைந்த லாஸ்கோ குகை ஓவியங்களின் நகலைப் பார்க்கலாம், அசல் குகையை 1963லேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள்.

சாப்பாடு விஷயத்தில் சைவக்காரர்களுக்கு லுவார்தான். ஆட்டுப்பால் சீஸ், ரொட்டி, சோமூர் பக்கத்துக் குகைகளில் வளர்க்கும் காளான் என்று பிழைத்துக்கொள்ளலாம். தோர்தோனில் வாத்துதான் எல்லாம். உருளைக்கிழங்கு வறுவல்தானே என்று நம்பிக் கேட்டேன், அதையும் வாத்துக் கொழுப்பில்தான் வறுத்திருந்தார்கள். சார்லாவில் புதன், சனி சந்தை கூடும், அங்கே வால்நட்டும் பழமும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது உத்தமம்.

ரயில் விஷயத்திலும் லுவார்தான் வசதி. பாரிஸிலிருந்து லுவார் கரையிலுள்ள தூர் ஊருக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம், சைக்கிளுக்கு முன்கூட்டியே இடம் பதிய வேண்டும், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். சார்லாவுக்கு போர்தோவில் மாறி உள்ளூர் ரயிலில் இன்னும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல்.

பழுதுபார்ப்பு? லுவார் பாதையில் சைக்கிள்காரர்களை வரவேற்கிறோம் என்று பலகை மாட்டிய விடுதிகள் ஏராளம், பம்பும் கருவிகளும் வைத்திருப்பார்கள். தோர்தோனில் தோம் ஊர்க் குன்றிலிருந்து இறங்கும்போது என் கேரியர் போல்ட் ஒன்று கழன்று விழுந்தது, அன்று ஞாயிற்றுக்கிழமை, நான் பார்த்த கடை எதுவும் திறந்திருக்கவில்லை. துணி காயப்போடும் கயிற்றால் கட்டி ஒரு நாள் ஓட்டினேன். உபரி போல்ட், டியூப், பிரேக் கட்டை கொண்டுபோங்கள். பிரேக் கட்டையைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

பிள்ளைகளோடு போனாலோ, ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர் போதும் என்றாலோ, இதுதான் முதல் நீண்ட பயணம் என்றாலோ, லுவார், யோசிக்கவே வேண்டாம். வாடகைக்கு மின்சைக்கிள் எடுக்கிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும், அவர்களுக்கு மேடு ஒரு பொருட்டில்லை, நேராக தோர்தோனுக்குப் போகலாம்.

எனக்கு மறுபடி வாய்த்தால் தோர்தோன்தான். ஆனால் பேனாக் கோட்டைக்கு இந்தத் தடவை பின்பக்கத் தார்ச்சாலையில் சுற்றி ஏறுவேன். போன தடவை ஆற்றங்கரையிலிருந்து குறுக்குவழி என்று நினைத்து ஊருக்கு நடுவே ஏறும் கல்பாவிய சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன், மூன்றாவது வளைவில் ஒரு பாட்டி ஜன்னலைத் திறந்து, மூட்டையைப் பார்த்து, என்னைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார்.