ஃபுலா அடையாளம்: முகக் கீறலா, உதட்டுப் பச்சையா, மருதாணியா?

மேற்கு ஆப்பிரிக்காவில் தன்னார்வலராகப் போய் ஒரு ஃபுலா குடும்பத்தோடு மாதக்கணக்கில் தங்கினால், இவர்கள் அடையாளம் ஒன்றை நம் உடம்பிலும் வாங்கிக்கொள்ளலாமே என்ற ஆசை வருவது இயல்பு. செனகல் முதல் கேமரூன் வரை பரவி வாழும் இந்த மக்களிடம் முகக் கீறல், உதட்டில் குத்தும் பச்சை, மருதாணி மூன்றுமே உண்டு. என் ஓட்டு மருதாணிக்குத்தான்.

முகக் கீறலை நைஜர் பக்கத்து வொடாபே பிரிவினரிடம் பார்க்கலாம். வாயோரத்திலும் கண்ணோரப் பொட்டுப் பக்கத்திலும் சின்னச் சின்னதாகக் கீறி, கரித்தூளைத் தேய்ப்பார்கள். புது பிளேடு வாங்கிக் கொடுத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அந்தத் தூள், துடைக்கும் துணி, கீறுபவரின் கை எல்லாமே ரத்தத்தைத் தொடுகின்றன. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடம்புக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும். அதற்கான 3 தவணைத் தடுப்பூசி வழக்கமாக முடிய 6 மாதம் ஆகும். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. கருத்த சருமத்தில் கீலாய்டு தழும்பு புடைத்து வளரும் வாய்ப்பும் அதிகம்.

உடல்நலத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. 2019 மார்ச் 23 அன்று மாலியின் ஒகோசாகு கிராமத்தில் 150-க்கும் மேற்பட்ட ஃபுலா மக்கள் கொல்லப்பட்டார்கள். ஃபுலா என்று தெரிவதே ஆபத்தாகிப்போன ஊர்கள் அங்கே இருக்கின்றன. அவர்களால் கழற்றி வைக்க முடியாத அந்த அடையாளத்தை, பாஸ்போர்ட்டைக் காட்டி விமானம் ஏறப்போகிற நாம் அலங்காரமாக வாங்கிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை. குழந்தைகளின் தோலில் இப்படிக் குறியிடுவதை நைஜீரியா 2003-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உதட்டுப் பச்சை பெண்களுக்குரியது. உதட்டில் கருப்புத் தூளை அப்பி, நூலால் சேர்த்துக் கட்டிய ஊசிக்கட்டால் மறுபடி மறுபடி குத்துவார்கள். உதடு வீங்கிவிடும், கொஞ்ச நாளுக்குக் கஞ்சிதான் சாப்பாடு. குத்தும்போது அழக்கூடாது. பொறுமையை அவர்கள் முன்யால் என்பார்கள். அந்தப் பெண் அதைத் தன் சொந்தபந்தங்களின் முன்னால் காட்டுகிறாள். நமக்கு அந்தச் சபை இல்லை, வலி மட்டும்தான் மிஞ்சும். தொற்று அபாயமும் கீறலுக்குச் சளைத்ததல்ல.

அப்புறம் மருதாணி. தபஸ்கி (நம்மூர் பக்ரீத்) பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் பெண்கள் கூடி உட்கார்ந்து கையிலும் பாதத்திலும் இட்டுக்கொள்வார்கள். சில ஊர்களில் ஒட்டும் டேப்பைக் கோலம்போல வெட்டி ஒட்டி, மேலே மருதாணியை அப்பிப் பிறகு உரித்தெடுப்பார்கள். கிட்டத்தட்ட ஒரு அரை நாள் பேச்சும் சிரிப்புமாக அவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டிவரும், அதற்காகவே இதைத் தேர்ந்தெடுக்கலாம். சில வாரத்தில் அழிந்துவிடும், அடுத்த பண்டிகைக்கு மறுபடி உட்காரலாம். ஆண்களுக்கு இந்த வழி அவ்வளவாகப் பொருந்தாது. அவர்கள் ஃபுலா கூம்புத் தொப்பி ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும்.

மருதாணியிலும் ஒன்றைக் கவனியுங்கள். சீக்கிரம் கருக்க வேண்டும் என்று தலைமுடிச் சாயம் கலப்பவர்கள் உண்டு. அதிலுள்ள பிபிடி என்ற ரசாயனம் தோலைக் கொப்பளிக்க வைக்கும். வெறும் இலையை அரைத்தது போதும், சிவப்பாகவே இருக்கட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.