பிளாக் ரிவ்யூ: மார்பகப் புற்று ஆபரேஷன் ரிப்போர்ட்டை இன்னொரு லேபில் காட்டுவது காசுக்குத் தகுமா?

ஆபரேஷன் முடிந்து பத்துப் பதினைந்து நாளில் ஹிஸ்டோபெத்தாலஜி ரிப்போர்ட் (எடுத்த சதையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து எழுதுவது) கைக்கு வந்துவிடும். அன்று சாயந்திரமே சொந்தக்காரர்கள் போன் போட்டு "எத்தனாவது ஸ்டேஜ்?" என்று ஆரம்பிப்பார்கள். கீமோவா, ஹார்மோன் மாத்திரையா, ஒரு வருஷத்துக்கு மூன்று வாரத்துக்கொரு முறை டிராஸ்டுஸுமாப் ஊசியா என்பதை ஸ்டேஜ் மட்டும் முடிவு செய்வதில்லை. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் இ.ஆர்., பி.ஆர். (கட்டியில் ஹார்மோன் ஏற்பிகள் உண்டா என்பது), ஹெர்2 (டிராஸ்டுஸுமாப் குறிவைக்கும் புரதம்) வரிகளுக்கு அதில் பெரும் பங்கு. அந்த வரிகள் சரிதானா என்று இன்னொரு நோய்க்குறியியல் நிபுணர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதுதான் ஸ்லைடு–பிளாக் ரிவ்யூ. பிளாக் என்பது எடுத்த சதைத் துண்டைப் பதித்த மெழுகு, ஸ்லைடு அதிலிருந்து சீவிக் கண்ணாடியில் ஒட்டிய மெல்லிய சீவல். சென்னையில் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளிலும் தனியார் ரெஃபரன்ஸ் லேப்களிலும் செய்கிறார்கள்.

எல்லோருக்கும் இது தேவையில்லை. கட்டி சின்னது, இ.ஆர். 90 சதவீதம், ஹெர்2 பூஜ்யம், ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஊசி பயாப்சியும் அதையேதான் சொன்னது என்றால் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம். சிகிச்சையை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் போன்ற, புற்றுநோய்க்கென்றே இருக்கும் மருத்துவமனைக்கு மாற்றப் போகிறீர்கள் என்றாலும் முந்திக்கொண்டு வெளியில் செய்ய வேண்டாம்; வெளி பிளாக்கைக் கேட்டு வாங்கித் தாங்களே பார்ப்பதுதான் அங்கெல்லாம் வழக்கம்.

காசு தகும் இடங்கள் வேறு. ஊசி பயாப்சியில் இ.ஆர். பாசிட்டிவ், ஆபரேஷன் ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ரிவ்யூவுக்குக் கொடுக்கலாம். பல சமயம் நோய் மாறியிருக்காது, சதை பதப்பட்ட விதம்தான் மாறியிருக்கும். எடுத்த மார்பகத்தை ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத பஃபர்டு ஃபார்மலினில் போட வேண்டும். ஃபார்மலின் சதையைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு இருக்க வேண்டும். அரை சென்டிமீட்டர், ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கீறிவிட வேண்டும். ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். சனிக்கிழமை மாலை ஆபரேஷன், கீறாமல் டப்பாவில் போட்டு மூடிவிட்டார்கள், திங்கட்கிழமைதான் லேப் திறந்தது என்றால் நடுவில் இருக்கும் கட்டி அதற்குள் நைந்திருக்கும். நைந்த இடத்தில் இ.ஆர். சாயம் சரியாக ஏறாது. ஊசி பயாப்சித் துண்டு மெல்லியது, சீக்கிரம் பதப்படும்; அதனால் இரண்டும் முரண்பட்டால் ஊசி பயாப்சி பிளாக்கையும் சேர்த்துக் கொடுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே கீமோ போட்டுக் கட்டி முழுதாகக் கரைந்துவிட்டவர்களுக்குக் கையில் இருப்பது அந்த ஒரு பிளாக் மட்டும்தான்.

நல்ல ரிவ்யூ ரிப்போர்ட்டை ஒரே வரியில் கண்டுபிடித்துவிடலாம்: 'இன்டர்னல் கன்ட்ரோல்' பற்றி எழுதியிருக்கிறதா? கட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரணப் பால்குழாய்ச் செல்கள் சிலவற்றிலாவது இ.ஆர். பழுப்பு நிறம் காட்ட வேண்டும். அவையும் வெளுத்திருந்தால் டெஸ்டே சரியாக நடக்கவில்லை என்று அர்த்தம். அந்த 'நெகட்டிவ்' செல்லாது. இதைக் குறிப்பிடாமல் "அக்ரீ வித் அபோவ்" என்று ஒரு வரி அடித்துக் கொடுக்கும் லேபுகளும் உண்டு. அதற்கு ஃபீஸ் தண்டம்.

ஹெர்2 '2+' என்றால் இரண்டுங்கெட்டான். 3+ ஆக இருந்தால் ஒவ்வொரு செல்லின் ஓரமும் கோழிவலை போட்டாற்போல அடர்பழுப்பாக இருக்கும், சந்தேகமே வராது. 2+ இல் அந்தக் கோடு மங்கல். ஃபிஷ் டெஸ்ட் (ஹெர்2 மரபணு கூடுதலாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது) செய்து தெரிந்துகொள்ளாமல் டிராஸ்டுஸுமாப் ஊசி வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ முடிவெடுக்கக் கூடாது. இ.ஆர். 1 முதல் 10 சதவீதத்துக்குள் இருந்தாலும் மறுபடி பார்க்கச் சொல்வது நியாயம். கி-67 (செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் எண்) மட்டும் 18, 25 என்று மாறினால் அலட்டிக்கொள்ள வேண்டாம். பார்ப்பவரைப் பொறுத்து அந்த எண் ஏறி இறங்கும்.

இந்தச் சேவையால் முடியாதவையும் இருக்கின்றன. வெட்டு விளிம்பில் மை தடவாமலே அறுத்திருந்தால், மார்ஜின் (கட்டிக்கும் வெட்டு விளிம்புக்கும் உள்ள இடைவெளி) எவ்வளவு என்று யாராலும் பிறகு அளந்து சொல்ல முடியாது. அக்குள் முழுதாகச் சுத்தம் செய்த பிறகும் ஆறே நெறிக்கட்டி என்று எழுதியிருந்தால் பிளாக்கை எங்கே எடுத்துப் போனாலும் ஏழாவது வராது. ஆபரேஷன் நடந்த மருத்துவமனை லேபிலேயே மிச்சக் கொழுப்பை மறுபடி தேடச் சொல்ல வேண்டும். அந்த ஈரச் சதையைச் சில வாரங்கள்தான் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்கள். ரிப்போர்ட் வந்த வாரத்திலேயே கேட்டுவிடுங்கள்.

பிளாக் வாங்க ஒரு வேண்டுதல் கடிதம், அடையாள அட்டை, ரிப்போர்ட் நகல் போதும். "பயாப்சி வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் சாயம் போட்ட ஸ்லைடுகளை மட்டும் கவரில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதை வைத்துப் புதிதாக ஐ.எச்.சி. (இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 பார்க்கும் சாய டெஸ்ட்) செய்வது கஷ்டம். கட்டி உள்ள பிளாக் ஒன்று, நோய் ஏறிய நெறிக்கட்டி பிளாக் ஒன்று, கூடவே ஹெச்-அண்டு-இ (வழக்கமான சாயம் போட்ட) ஸ்லைடுகள் என்று கேளுங்கள். எந்த பிளாக்கில் கட்டி என்பது ரிப்போர்ட்டில் ஏ3, பி1 மாதிரி எண்ணோடு இருக்கும். பிளாக்கின் ஓரத்தில் எழுதியிருக்கும் எண்ணோடு கவுண்டரிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். வேறொருவர் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு அண்ணா நகரிலிருந்து அடையாறு வரை போய்த் திரும்புவதைவிட இரண்டு நிமிஷம் நிற்பது மேல்.

இன்னொன்று வெயில். பிளாக் என்பது மெழுகுக் கட்டி, 55–60 டிகிரியில் உருகிவிடும், அதற்கு முன்பே இளகும். மே மாதம் மூடி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பிளாக்கை ஜிப் கவரில் போட்டு, ஸ்லைடுகளைப் பிளாஸ்டிக் ஸ்லைடு பெட்டியில் வைத்து, கைப்பையிலேயே எடுத்துப் போங்கள். ஃபிரீசர் வேண்டாம், வீட்டுக்குள் நிழலான இடம் போதும்.

லேபில் கேட்க வேண்டியது இரண்டே: அந்த ஐ.எச்.சி. டெஸ்டுக்கு என்.ஏ.பி.எல். (லேபுகளின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் உண்டா, மார்பகப் புற்றை அன்றாடம் பார்ப்பவர்தான் கையெழுத்துப் போடுவாரா. ஸ்லைடை மட்டும் பார்க்கச் சில நாள் போதும், மறு ஐ.எச்.சி., ஃபிஷ் எல்லாம் சேர்ந்தால் ஒரு வாரம், பத்து நாள் இழுக்கும். காயம் ஆறி நாலு முதல் ஆறு வாரத்தில் கீமோ தொடங்குவது வழக்கம் என்பதால் இந்த அவகாசம் தாராளமாக உண்டு. ஆபரேஷன் ஆன நாளிலிருந்து 90 நாளைத் தாண்ட விடக் கூடாது, ட்ரிபிள் நெகட்டிவ்காரர்கள் (இ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 மூன்றும் நெகட்டிவ்) குறிப்பாக. டாட்டா மெமோரியல் சார்ந்த நவ்யா ஆன்லைன் ஆலோசனை நல்ல சேவைதான், ஆனால் அங்கே ரிப்போர்ட்டை வைத்துத்தான் சொல்வார்கள். ரிப்போர்ட்டே தவறென்றால் பதிலும் அதன் வழியேதான் போகும். பிளாக் ரிவ்யூ முதலில், நவ்யா பிறகு.

ரிவ்யூ தாளைப் படிக்கும்போது ஒரு குழப்பம் வீட்டுக்கு வீடு வருகிறது. பாசிட்டிவ் என்றாலே கெட்டது என்று நினைத்து அழுகிறார்கள். நெறிக்கட்டி நெகட்டிவ் நல்லது, மார்ஜின் நெகட்டிவ் நல்லது, இ.ஆர். பாசிட்டிவும் நல்லதுதான், மாத்திரை வேலை செய்யும் என்று அர்த்தம். கிரேடு 3 என்பது ஸ்டேஜ் 3 அல்ல. செல்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக இருக்கின்றன என்பதற்கான மதிப்பெண், குழாய் அமைப்பு, செல்கருவின் தோற்றம், செல் பிரியும் வேகம் என்ற மூன்று அம்சத்துக்கும் சேர்த்து 8 அல்லது 9 வாங்கினால் கிரேடு 3.

எங்கள் மதிப்பெண் ஐந்துக்கு நாலு. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம், பிளாக்கைத் திருப்பித் தருவதில் இருக்கும் மெத்தனம். நாமாகக் கேட்காவிட்டால் லேபிலேயே கிடக்கும். நாலைந்து வருஷம் கழித்து எலும்பிலோ கல்லீரலிலோ சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த பிளாக்தான் தேவைப்படும். ரிவ்யூ ரிப்போர்ட் வாங்கும் அன்றே கையெழுத்துப் போட்டு வாங்கி, ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.